கடலுக்குப் போறீங்களா? முதல்ல கடலைக் கேளுங்க!

மதுரையில் என்னதான் இல்லை? கோயில் இருக்கு, மலை இருக்கு, ஜிகர்தண்டா இருக்கு. கடல் மட்டும் இல்லை. வைகையில் தண்ணீர் வந்தாலே பாலத்து ஓரம் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிற ஊர் இது. வண்டியூர் தெப்பக்குளம் நிரம்பினால் சுற்றுச்சுவர் முழுக்கக் கூட்டம். அதனால்தான் பள்ளிக்கூடம் லீவு விட்டதும், "அப்பா, பீச்சுக்குப் போலாம்ப்பா" என்று பிள்ளைகள் ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்பத்தாவும் தன் பங்குக்கு, "ராமேஸ்வரத்துல முழுகி வருசமாச்சுடா, என்னையும் ஒரு எட்டு கூட்டிட்டுப் போ" என்கிறார். ஒரே வண்டியில் மூன்று தலைமுறையும் கிளம்புகிறது.

கிளம்பும் முன் என்ன செய்கிறோம்? ரூம் பார்க்கிறோம், பெட்ரோல் போடுகிறோம், முறுக்கு வாங்குகிறோம், யார் வீட்டில் நாயை விடலாம் என்று பேசுகிறோம். கடல் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை. கடற்கரை ஊர்க்காரர்கள் காலையில் எழுந்ததும் செய்கிற முதல் வேலை அதுதான். நமக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சமவெளியில் பிறந்தவர்களுக்கு எங்கிருந்து வரும்? ஆனால் அந்தத் தகவல் இப்போது உங்கள் கையில் இருக்கும் போனுக்கே வருகிறது. எங்கே பார்ப்பது, பார்த்ததை எப்படிப் புரிந்துகொள்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஆண் கடல், பெண் கடல்

ராமேஸ்வரம் பக்கத்து மக்கள் தங்கள் கடலை இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். தீவுக்கு வடக்கே இருக்கும் பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல். பெண் கடல் ஆழம் குறைந்தது, அலை அடங்கியது. ஆண் கடல் ஆழமானது, இரைச்சல் போடுவது. தனுஷ்கோடி சாலையில் போகும்போது இடப்பக்கம் குளம் மாதிரி ஒரு தண்ணீரும், வலப்பக்கம் நுரை தள்ளும் ஒரு தண்ணீரும் பார்த்திருப்பீர்கள். ஒரே நாள், ஒரே வெயில், நடுவில் ஒரு தார் ரோடுதான்.

இதற்குக் காரணம் காற்றும் நிலத்தின் அமைப்பும். மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று வலுவாக வீசும். அது மன்னார் வளைகுடாவைக் கிளறிவிடும். தீவுக்கு மறைவில் இருக்கும் வடபகுதி அமைதியாக இருக்கும். அக்டோபருக்குப் பிறகு வாடை வந்துவிட்டால் கதை மாறும். வடகிழக்குக் காற்றில் பெண் கடலுக்கும் கோபம் வரும். ஆகவே பெயரை மட்டும் நம்பி இறங்கிவிட முடியாது, மாதத்தையும் பார்க்கணும். கோடை விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு வடகரை நல்லது. அரையாண்டு லீவிலும் பொங்கலிலும் போகிறவர்கள் போகும் நாளின் அறிவிப்பைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

பெண் கடலுக்குள் இன்னொரு விசேஷம். இங்கே தரையில் கடல்புல் வளர்கிறது. அதை மேய வருவதுதான் கடல்பசு. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022-ல் அறிவித்தது. இந்தியாவிலேயே அதுதான் முதலாவது. பிள்ளைகளுக்கு வழியில் சொல்ல நல்ல கதை.

வானம் தெளிவு, கடல் கள்ளம்

2024 மே 6-ஆம் தேதி. கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கத்தில் லெமூர் கடற்கரை. நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்த பயிற்சி மருத்துவர்கள் சிலர் காலையில் கடலோரம் போனார்கள். வந்த அலை இழுத்துக்கொண்டு போனதில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். அந்த ஓரிரு நாட்களில் அதே மாவட்டத்தின் வேறு கரைகளிலும் உயிர்கள் போயின. அப்போது புயல் எதுவும் இல்லை.

நடந்தது 'கள்ளக்கடல்'. கேரள மீனவர்கள் வைத்த பெயர் இது. திருடன் மாதிரி சத்தமில்லாமல் வரும் கடல் என்று பொருள். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், நம் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, பெருங்காற்று அடிக்கிறது. அங்கே கிளம்பும் நீண்ட அலைகள் பல நாள் பயணம் செய்து இங்கே வந்து சேர்கின்றன. இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது. திடீரென்று தண்ணீர் ஏறும். நின்ற இடத்தில் இடுப்பளவு வரும். திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும். 2012-ல் யுனெஸ்கோ இந்தச் சொல்லை அறிவியல் வழக்குக்கு ஏற்றுக்கொண்டது.

இது அதிகமாக வருவது பருவமழைக்கு முந்தைய மாதங்களில். அதாவது ஏப்ரல், மே. நம் பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை லீவு விடுவதும் அப்போதுதான்.

2024 மே மாதம் நடந்ததில் மனதை அறுக்கிற விஷயம், எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது என்பது. ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் (சுருக்கமாக 'இன்காய்ஸ்' என்பார்கள்) கள்ளக்கடல் அறிவிப்பைக் கொடுத்திருந்தது. செய்தியிலும் வந்தது. நம்மில் எத்தனை பேர் அதைப் படிக்கிறோம்? படித்தாலும், "நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை உயர் அலைக்கு வாய்ப்பு" என்றிருக்கும். மதுரைக்காரருக்கு நீரோடி எங்கே தெரியும்? நமக்கில்லை என்று விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறோம்.

அந்த வரியைப் படிக்கும் முறை இதுதான். நீரோடி என்பது கேரள எல்லையை ஒட்டிய கிராமம். ஆரோக்கியபுரம் கன்னியாகுமரிக்குக் கிழக்கே. இரண்டுக்கும் நடுவில் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரை. நீங்கள் படகுக்கு நிற்கும் இடமும் அதில் அடக்கம். அறிவிப்புகளில் இப்படி ஒரு மாவட்டக் கரையின் தொடக்க ஊரையும் முடிவு ஊரையும்தான் போடுவார்கள். ஊர்ப் பெயர் தெரியாவிட்டால் மேப்பில் இரண்டையும் தட்டிப் பாருங்கள். நீங்கள் போகிற இடம் நடுவில் வந்தால் அது உங்களுக்கான அறிவிப்பு. அலை எத்தனை மீட்டர் உயரம், எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்பதும் அதிலேயே இருக்கும்.

இன்னொன்று. "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்ற அறிவிப்பைக் கேட்டால், நாம் மீனவர் இல்லையே என்று நினைக்கிறோம். பிறந்ததிலிருந்து அலையைப் பார்த்து வளர்ந்தவரையே இறங்காதே என்று சொல்லும் நாளில், நீச்சல் தெரியாத நம் பிள்ளையைக் காற்றடைத்த டியூபில் இறக்கிவிடுவது என்ன கணக்கு? அந்த அறிவிப்பு நமக்கும் சேர்த்துத்தான்.

போனில் எங்கே பார்ப்பது? தமிழ்நாடு பேரிடர் மேலாண்மைத் துறையின் 'டிஎன் அலர்ட்' செயலியில் வானிலையும் எச்சரிக்கைகளும் தமிழிலேயே வரும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' செயலி நீங்கள் இருக்கும் இடத்தை வைத்து எச்சரிக்கை அனுப்பும். இருப்பிட அனுமதியும் அறிவிப்பு அனுமதியும் கொடுத்தால்தான் வேலை செய்யும். இன்காய்ஸின் 'சமுத்ரா' செயலியில் அலை, கள்ளக்கடல் விவரங்கள் இருக்கும். மூன்றையும் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை. முதல் ஒன்றை வைத்துக்கொண்டு, கிளம்புகிற முந்தின நாள் ராத்திரி ஒருமுறை, கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒருமுறை பார்த்தால் போதும். சந்தேகம் இருந்தால் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. மாநில அறைக்கு 1070. வேறு மாவட்டத்தில் இருந்துகொண்டு 1077 போட்டால் நீங்கள் நிற்கும் மாவட்டத்துக்குப் போகலாம். எந்த மாவட்டத்துக் கடல் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எந்தக் கரைக்குப் போகலாம்?

சின்னப் பிள்ளைகளும் வயசானவர்களும் இருக்கும் குடும்பத்துக்கு என்னைக் கேட்டால், கோடையில் அரியமான் என்பேன். ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே உச்சிப்புளி பக்கம் உள்ளே திரும்பணும். குஷி பீச் என்றும் சொல்கிறார்கள். பாக் நீரிணைக் கரை, சவுக்குத் தோப்பு நிழல், கொஞ்ச தூரம் நடந்தாலும் முழங்கால் அளவே தண்ணீர். தாத்தா மரத்தடியில் உட்கார்ந்துகொண்டே பேரப்பிள்ளைகளைப் பார்க்கலாம்.

ஆனால் இந்த அமைதிக்குள்ளும் ஒரு பொறி உண்டு. நான் மாட்டியதால் சொல்கிறேன். ஒரு மே மாதம் வடகரையில் எங்கள் வீட்டுப் பையனை டியூபில் உட்கார வைத்துவிட்டு, முழங்கால் தண்ணிதானே என்று பேசிக்கொண்டிருந்தோம். அலையே இல்லை. திரும்பிப் பார்த்தால் டியூப் நாற்பது ஐம்பது அடி உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. தென்மேற்குக் காற்று வடகரையில் நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசும். டியூப், மிதக்கும் பந்து, காற்றடைத்த படுக்கை எல்லாம் அதற்குப் பாய்மரம் மாதிரி. பக்கத்தில் வலை காயப்போட்டுக் கொண்டிருந்த அண்ணன் ஒருவர் ஓடிப்போய்ப் பிடித்து இழுத்து வந்தார். "டியூபுக்குக் கயிறு கட்டாம விடலாமாண்ணே?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வண்டி டிக்கியில் இருபது அடி நைலான் கயிறு இருக்கிறது.

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் பெரும்பாலும் அடங்கிய தண்ணீர்தான். அப்பத்தாவின் ஆசைக்கு அதுதான் இடம். அங்கே அலையைவிடக் கவனிக்க வேண்டியது கூட்டமும், காலில் மாட்டும் துணியும், வழுக்கலும். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் தர்ப்பணத்துக்கு ஜனம் திரளும். அந்தக் கூட்டமே வேண்டும் என்று போவது வேறு; தெரியாமல் குழந்தையோடு போய் மாட்டுவது வேறு. தேதி முடிவு பண்ணும் முன் காலண்டரைப் புரட்டுங்கள். கோயிலுக்குள் 22 தீர்த்தத்திலும் ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு கல்தரையில் நடப்பது எழுபது தாண்டியவர்களுக்குச் சாதாரண வேலை அல்ல. கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.

தனுஷ்கோடியும் அரிச்சல்முனையும் பார்க்கிற இடம், குளிக்கிற இடம் அல்ல. இரண்டு கடலும் சேரும் முனையில் நீரோட்டம் பலமானது. இறங்க வேண்டாம் என்ற எச்சரிக்கைப் பலகையைப் போட்டோவுக்குப் பின்னணியாக ஆக்கிவிடாதீர்கள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் ஒரு ஊரையே எடுத்துக்கொண்டு போனதை அந்த இடிந்த சர்ச் சுவர் முன்னால் நின்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். இருட்டும் முன் திரும்பிவிட வேண்டும். சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும்; மேப்பை முன்னாடியே டவுன்லோட் செய்துவிடுங்கள். புயல் எச்சரிக்கை நாட்களில் வழியிலேயே தடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். அவர்களிடம் வாக்குவாதம் செய்து பயனில்லை.

திருச்செந்தூரில் கடல் அரித்து, கரை மணல் படிக்கட்டு மாதிரி சரிந்து நிற்கும் நாட்கள் உண்டு. ஒரு அடி எடுத்து வைத்தால் இரண்டடி பள்ளம். முதலில் பெரியவர் ஒருவர் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை அழைக்கணும். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலம் இருக்கிறது. கடலை அதன் மேலிருந்து பார்த்து ரசியுங்கள். பாறைக்கும் பாறைக்கும் நடுவே இறங்கிக் குளிக்க வேண்டாம். முன்னால் சொன்ன கள்ளக்கடல் நேராக வந்து மோதுவது இந்தத் தெற்குக் கரைகளில்தான்.

எந்தக் கரையானாலும் இறங்குவதற்கு முன் பத்து நிமிஷம் சும்மா நின்று அலையைப் பாருங்கள். வரிசையாக உடையும் அலைகளுக்கு நடுவே ஒரு பாதை மட்டும் உடையாமல், கொஞ்சம் கறுத்து, அமைதியாகத் தெரிந்தால் அதுதான் ஆபத்து. கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் வேகமாகத் திரும்புகிறது. 'அங்கதான் அலை கம்மி' என்று ஜனம் இறங்குவதும் அங்கேதான். அதில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டக் கூடாது. கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நகர்ந்து இழுப்பிலிருந்து வெளியே வரணும். நீச்சல் தெரியாதவர் மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கிக் கூப்பிட வேண்டும்.

தாத்தா, பாட்டியோடு போகும்போது

பல வீடுகளில் நடக்கும், யாரும் வெளியே சொல்லாத விஷயம் ஒன்று. பயணத்தன்று காலை பாட்டி பிரஷர் மாத்திரையைப் போடுவதில்லை. "அதைப் போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வரும், நடுரோட்டுல எங்க போறது?" என்பதுதான் காரணம். அதே காரணத்துக்காகத் தண்ணீரும் குடிப்பதில்லை. நாலு மணி நேரப் பயணம், பிறகு கடற்கரை வெயில், வயிற்றில் ஒன்றுமில்லை. மயக்கம் வராமல் என்ன செய்யும்? எந்த மாத்திரையை எப்போது போடலாம் என்று முந்தின வாரமே டாக்டரிடம் கேளுங்கள். நேரத்தை மாற்றித் தர வாய்ப்பு உண்டு. நீங்களாக நிறுத்தாதீர்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவந்து தருகிறார்களே, அவர்களிடம் கேட்டாலும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் வழி காட்டுவார்கள்.

கழிப்பறைக்கு வழி? பெட்ரோல் பங்குகளில் கழிப்பறையும் குடிநீரும் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். பெட்ரோல் போட்டவருக்கு மட்டும் என்பதெல்லாம் கிடையாது. மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று ஒவ்வொரு ஊரிலும் கேட்காமலேயே வண்டியை நிறுத்துங்கள். "வருதா பாட்டி?" என்று கேட்டால் "இல்லப்பா" என்றுதான் பதில் வரும். நீங்கள் டீ குடிக்கப் போகிற மாதிரி நிறுத்தினால் அவர்களே இறங்குவார்கள்.

சர்க்கரை உள்ளவர்களை மணலில் வெறுங்காலோடு விடாதீர்கள். உணர்ச்சி குறைந்த காலில் சூடு தெரியாது. ராத்திரி ரூமுக்கு வந்த பிறகு பார்த்தால் கொப்புளம் நிற்கும். பின்பட்டை உள்ள செருப்பு நல்லது. பிளாஸ்டிக் நாற்காலியை அலை தொடும் இடத்தில் போட்டு உட்கார வைப்பது எல்லோரும் செய்வது. அலை திரும்பும்போது நாற்காலிக் காலுக்குக் கீழே மணல் போய்விடும், ஒரு பக்கம் சாயும். ஈர மணலுக்கு மேலே, காய்ந்த இடத்தில் போடுங்கள். சேலையும் வேட்டியும் நனைந்தால் கனம் கூடும், காலைச் சுற்றும். முழுக வேண்டும் என்றால் இருபக்கமும் ஆள் நின்று, முழங்கால் தண்ணீரிலேயே சொம்பால் ஊற்றிவிடுங்கள். புண்ணியம் குறையாது.

பதினோரு மணிக்குக் கரையை விட்டுவிட வேண்டும். மறுபடி நாலு மணிக்கு மேல் வரலாம். பெரியவர்களுக்கு மட்டுமல்ல, பிள்ளைகளுக்கும்தான்.

பிள்ளைகள்

ஒரே விதி: கை நீட்டினால் தொடும் தூரம். எட்டிப் பார்க்கும் தூரம் போதாது. நாலு பெரியவர்கள் இருந்தால் நாலு பேரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நாலு பேரும் நினைப்பார்கள். அதனால் பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள்: "இவனை நீ பாரு, அவளை நான் பாக்குறேன்." பார்க்கிறவர் கையில் போன் இருக்கக் கூடாது. ஆமாம், போனில் படிக்கும் இந்தக் கட்டுரையிலேயே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரீல்ஸ் எடுப்பவரும் பிள்ளையைப் பார்ப்பவரும் வேறு வேறு ஆளாக இருக்கணும்.

தண்ணீர் எத்தனை அளவு? பெரியவருக்கு அல்ல, பிள்ளைக்கு முழங்கால் அளவு. நீலச் சட்டை வேண்டாம், தண்ணீரில் தெரியாது. ஆரஞ்சு, சிவப்பு போடுங்கள். கூட்டமான இடத்தில் பிள்ளையின் கையில் பால்பாயிண்ட் பேனாவால் உங்கள் போன் நம்பரை எழுதிவிடுங்கள். கரையில் ஒரு அடையாளத்தைக் காட்டி, "காணாமப் போனா இங்க வந்து நில்லு" என்று சொல்லி வையுங்கள். பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் தண்ணீர் பக்கம் தேடுங்கள், அப்புறம்தான் கடை பக்கம். உடனே 112 அல்லது 1098.

கிளிஞ்சல் பொறுக்குவது பிள்ளைகளுக்கு ஆனந்தம். ஆனால் பவளப்பாறைத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை எதையும் எடுக்கக் கூடாது, விற்றாலும் வாங்கக் கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா.

உடம்பில் ஜெல்லிமீன் பட்டு எரிந்தால் மணலால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். கடல்தண்ணீரால் கழுவி, ஒட்டியிருப்பதைத் துணியால் எடுத்துவிடுங்கள். மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ 108.

டிக்கெட்டும் ரூமும்

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சாலை வழியே சுமார் 170 கிலோமீட்டர். பஸ் மாட்டுத்தாவணியிலிருந்து. அரசுப் பேருந்தில் 5 வயது வரை டிக்கெட் இல்லை, 12 வயது வரை அரை டிக்கெட். வயதுக்கான சான்று டிஜிலாக்கரில் இருந்தால் நடத்துநரிடம் பேச்சு மிச்சம். மகளிர் விடியல் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளில்தான். ராமேஸ்வரம் வண்டியில் டிக்கெட் எடுக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு ரயில்தான் சுகம். கழிப்பறை இருக்கிறது, எழுந்து நடக்கலாம். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றபோது மண்டபத்தோடு இறங்கி பஸ் மாற வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறந்த பிறகு வண்டி நேராக ராமேஸ்வரம் போகிறது. முன்பதிவில்லா டிக்கெட்டை 'ரயில்ஒன்' செயலியில் எடுக்கலாம். முன்பதிவு என்றால் 60 வயது ஆண்களுக்கும் 45 வயதுப் பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு, வயதைச் சரியாகப் போட வேண்டும். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

தங்குவதற்கு ராமேஸ்வரத்திலும் கன்னியாகுமரியிலும் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஹோட்டல் தமிழ்நாடு' இருக்கிறது, அவர்கள் இணையதளத்திலேயே பதிவு செய்யலாம். தனியார் விடுதி என்றால் ஒரு எச்சரிக்கை: தேடலில் முதலில் வருவது விடுதியின் சொந்தப் பக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கோயில் ஊர் விடுதிகளின் பெயரில் போலிப் பக்கங்கள் வைத்து, 'முழுப் பணமும் இப்பவே கட்டுங்க' என்று கியூஆர் அனுப்பும் கும்பல்கள் உண்டு. பணம் போகும் பெயர் விடுதியின் பெயரா, தனி ஆளின் பெயரா என்று கட்டும் முன் பாருங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்காமல் உடனே 1930-க்குப் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு.

ஏதாவது ஆகிவிட்டால்

ஒருவர் தண்ணீரில் இழுபடுகிறார் என்றால் பின்னாடியே குதிக்கக் கூடாது. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போகும் கதை ஒவ்வொரு வருஷமும் நடக்கிறது. டியூப், காலிக் கேன், கயிறு, அவிழ்த்த சேலை, எது கிடைக்கிறதோ அதை வீசுங்கள். சத்தம் போட்டு மீனவர்களைக் கூப்பிடுங்கள். கரையில் அவர்களைவிட நல்ல உதவி கிடையாது. அதே நேரம் இன்னொருவர் 112 போட வேண்டும். கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093, படகில் போய் மாட்டிக்கொண்டால் இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடமும் சேர்ந்தே கட்டுப்பாட்டு அறைக்குப் போகும்.

கரைக்கு இழுத்து வந்தவரைத் தலைகீழாகத் தூக்குவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் வேண்டாம். மல்லாக்கப் படுக்க வையுங்கள். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் 108-ஐ ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே, நெஞ்சின் நடுவில் இரண்டு கையும் வைத்து வேகமாக, அழுத்தமாக அமுக்க ஆரம்பியுங்கள். வாயோடு வாய் ஊதிப் பழகியவர் அதையும் செய்ய வேண்டும், மூழ்கியவர்களுக்கு அது முக்கியம். கண் விழித்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டும்.

இதிலெல்லாம் நேரத்தை விழுங்குவது ஒரு கேள்விதான்: "எங்க இருக்கீங்க?" பதட்டத்தில் "பீச்சுல சார்" என்று மட்டும்தான் வாயில் வரும். அதனால் கரையில் வண்டியை நிறுத்தியதும், பாயை விரிக்கும் முன்னாடியே, போன் மேப்பைத் திறந்து நீங்கள் நிற்கும் இடத்தின் பெயரையும் பக்கத்துக் கிராமத்தின் பெயரையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். தாத்தாவையும் சொல்லச் சொல்லுங்கள். கூட வந்த எட்டு வயசுப் பிள்ளையையும் சொல்லச் சொல்லுங்கள். ஒருவேளை போன் போடப்போவது அந்தப் பிள்ளையாகவும் இருக்கலாம்.